பேணினால் சிறை, துருப்பிடித்தால் விடுதலை: மலை எல்லையில் நாட்டுத் துப்பாக்கியின் சட்டச் சிக்கல்

புது தில்லி: பரணில் கிடக்கும் பாட்டன் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கி துருவேறி, இனிப் பழுது பார்த்தாலும் வெடிக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு உரிமம் தேவையில்லை. அதே துப்பாக்கியை மெழுகு ஏற்றிய தோலால் மூடி, மழை ஈரம் அண்டாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்தால் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை நேர்ப்பொருளில் படிப்பவருக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்.

தலைநகரில் இது வழக்குரைஞர்கள் விவாதிக்கும் நுணுக்கமாகத் தோன்றலாம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் எல்லைப் பகுதியில் அப்படியல்ல. அட்டப்பாடி, முதலமடை, மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என நீளும் இந்த மலையோரத்தில் பழைய துப்பாக்கி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, ஓயாத மழை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இங்குள்ள விவசாயிகளின் துப்பாக்கி குறித்து முடிவெடுக்கும் அதிகாரமோ தில்லியில் இருக்கிறது.

மழைக்கு அஞ்சிய ஆயுதம்

சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பலவீனம் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. விசையை அழுத்தியதும் "குதிரை" எனப்படும் சுத்தி பாய்கிறது. அதன் வாயில் கவ்விய கல் எதிரேயுள்ள எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி சிந்துகிறது. பொறி கீழேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழ, அந்தத் தீ குழலின் பக்கத்துத் துளை வழியாக உள்ளே சென்று, கெட்டித்து வைத்த மருந்தைப் பற்ற வைக்கிறது. கிண்ணத்து மருந்து நனைந்தால் எல்லாம் வீண். நனைய வேண்டியதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டினாலே போதும்.

ஆகவே இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்திய படைகள் எல்லாவற்றிலும் தோல் வேலை செய்பவருக்குக் கொல்லருக்கு இணையான தேவை இருந்தது. கல் நழுவாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு தோல் துண்டு. எதிர்பாராமல் குதிரை பாய்ந்தாலும் பொறி பறக்காமல் இருக்க எஃகுத் தகட்டின் மேல் ஒரு தோல் குல்லா. தோட்டாக்கள் நனையாமல் இருக்க அகன்ற மடிப்பு மூடியுடன் தோல் பை. இவை அனைத்துக்கும் மேலாக, குதிரை, கிண்ணம், தகடு மூன்றையும் சேர்த்து மூடி வாரால் கட்டும் பெரிய தோலுறை. கொழுப்பும் தேன்மெழுகும் தேய்த்து நீர் புகாமல் செய்யப்பட்ட இந்த உறையை ஆங்கிலேயச் சிப்பாய்கள் "பசுவின் முழங்கால்" என்று அழைத்தார்கள். மாட்டின் முழங்கால் பகுதித் தோல் இயல்பாகவே வளைந்திருப்பதால் துப்பாக்கியின் மேல் கச்சிதமாகப் பொருந்தும் என்பது இந்தப் பெயருக்குக் கூறப்படும் விளக்கம்.

உறை கட்டியிருக்கும் வரை மருந்து காயும்; ஆனால் சுட முடியாது. சுட வேண்டுமானால் உறையை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த மறுநிமிடம் மழை உள்ளே இறங்கும். இந்த முரண்பாட்டுக்குத் தோல் தொழிலாளி எவராலும் விடை காண முடியவில்லை. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807-இல் காப்புரிமை பெற்ற வெடி உப்பு முறையும், அதன் வழிவந்த செப்புக் "கேப்பு"ம்தான் சிக்கலைத் தீர்த்தன. 1840-களில் ஆங்கிலேயப் படை கேப்புத் துப்பாக்கிக்கு மாறியது.

பாலக்காடு கோட்டையின் ஒரு மழை இரவு

மழை ஒரு கோட்டையைக் கைமாற்றிய வரலாறு பாலக்காட்டுக்கு உண்டு. 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய கணவாயைக் காவல் காக்கும் இடம் என்பதால் மைசூரும் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதற்காகத் திரும்பத் திரும்ப மோதின. 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் தலைமையிலான கம்பெனிப் படை ஆனைமலைக் காடு வழியாக, விடாத வடகிழக்குப் பருவமழையில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு கோட்டையை நோக்கி வந்தது.

நவம்பர் 13-ஆம் தேதி பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. அன்றிரவு நடந்ததை வில்லியம் லோகன் தமது மலபார் நூலில் பதிவு செய்திருக்கிறார். கனமழை கொட்டியதால் கோட்டைக் காவலர்கள் ஒதுங்கிடம் தேடிச் சென்றனர். அகழிப் பணியில் இருந்த கேப்டன் மெய்ட்லண்ட் அந்தத் தருணத்தைப் பயன்படுத்தித் தம் பிரிவுடன் பாய்ந்து முதல் இரண்டு வாயில்களைக் கடந்தார். மூன்றாம் வாயிலில் தடுக்கப்பட்டாலும் துணைப்படை வரும் வரை இடத்தை விடவில்லை. பொதுத் தாக்குதல் வரும் என்று அஞ்சிய காவல்படை சரணடைந்தது.

இரு தரப்பிலும் கையில் இருந்தவை சிக்கிமுக்கியும் திரியும்தான். கொட்டும் மழையில் இவை இரண்டுமே வெறும் கம்புகள். மதில் மேல் நின்று சுட முடியாதவன் கூரையைத் தேடினான்; துப்பாக்கி முனையில் கத்தி பொருத்தியவனுக்கு மருந்து தேவைப்படவில்லை என்று கருத இடமுண்டு. 1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை கம்பெனி வென்ற இடங்களைத் திப்பு சுல்தானுக்கே திருப்பித் தந்தது. பாலக்காட்டை 1790-இல் மீண்டும் முற்றுகையிட்டுத்தான் கம்பெனி கைப்பற்ற வேண்டியிருந்தது. கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

தோல் என்றதும் தமிழக வாசகருக்கு வேலூர் நினைவுக்கு வரும். 1806 ஜூலை 10-ஆம் தேதி அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழ, தோல் சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகை ஒரு முக்கியக் காரணம். அதே சிப்பாய்கள் தோல் தோட்டாப் பையையும் தோல் வாரையும் நெடுங்காலமாகச் சுமந்து வந்தவர்கள்தாம். இடுப்பில் சுமந்த தோலைத் தலையில் ஏற்றச் சொன்னபோதுதான் பொறி பறந்தது. கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த வேறுபாடு விளங்கவில்லை. 1857-இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு விவகாரத்திலும் அது விளங்கியதாகத் தெரியவில்லை.

பறித்த சட்டங்கள்

பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும் 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மலபாரில் 1854-ஆம் ஆண்டுச் சட்டம் போர்க்கத்திகளைக்கூட ஒப்படைக்கச் சொன்னது. அதை அமல்படுத்திய கலெக்டர் கனோலி மறு ஆண்டே கொலையுண்டார். நாடு முழுமைக்குமான 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. தேசிய இயக்கத்தினர் அதைப் பெரும் அவமானமாகக் கருதினர். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது.

சுதந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை; திருத்தம் தோற்றது. 1959-இல் நிறைவேறிய புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஆயுதம் உரிமையல்ல, அரசு தரும் அனுமதி என்ற பழைய அடித்தளம் அதில் மாறவில்லை.

அச்சட்டத்தின் 45-ஆவது பிரிவு சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. வழக்கொழிந்த வகை, தொன்மை மதிப்புள்ளது, பழுதடைந்தது என மூன்றைக் குறிப்பிட்டு, பழுது பார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாதது என்ற நிபந்தனையைக் கடைசியில் சேர்க்கிறது. இந்த நிபந்தனை மூன்றுக்குமா, பழுதடைந்ததற்கு மட்டுமா என்று இருவிதமாகப் படிக்க வாசகம் இடம் கொடுக்கிறது. சிறை வாசலைப் பார்க்க விரும்பாதவர் கடுமையான பொருளைத்தான் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால், நன்கு பேணப்பட்ட 200 ஆண்டுப் பழைய துப்பாக்கியும் இன்று வாங்கிய துப்பாக்கியும் இந்தப் பிரிவின் முன் ஒன்றே.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 1898 வரை தயாரானவற்றைத் தொன்மைப் பொருள் என ஒதுக்கி வைக்கிறது. பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. கடுமையாகப் படித்தால் இந்தியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வெடிக்குமா என்றுதான் கேட்கிறது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமமில்லாமல் வைத்திருப்பதற்கான குறைந்தபட்சத் தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்ந்தது. 45-ஆவது பிரிவின் தெளிவற்ற வாசகம் அப்படியே நிற்கிறது.

உரிமம் ஒரு கையில், தடை மறு கையில்

வரலாற்றுப் பொருளுக்கு இந்தக் கதி என்றால், வயலில் நிற்பவனின் கதி இன்னும் விநோதமானது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தரப்பட வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு வகைத் துப்பாக்கி. அதாவது, உலகப் படைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைவிட்ட தொழில்நுட்பம்தான் இந்திய விவசாயிக்குச் சட்டம் முதலில் நீட்டும் ஆயுதம். கேப்பு வந்துவிட்டதால் கிண்ணமும் கல்லும் போயின. மருந்து நனையக்கூடாது என்ற கவலை மட்டும் போகவில்லை. இடவப்பாதி மழையில் ஏலத்தோட்டத்துக்குள் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் 13-ஆவது பிரிவைக் காட்டி எல்லையோர விவசாயி உரிமம் பெற்றுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய துப்பாக்கி உரிமம் வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். பெரியாறு, சின்னாறு, இரவிகுளம், இடுக்கி, பரம்பிக்குளம், அமைதிப் பள்ளத்தாக்கு. தமிழகப் பக்கம் ஆனைமலை, மேகமலை, கொடைக்கானல். வரைபடத்தில் இவற்றைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் எல்லையோர ஊர்களில் எத்தனை வெளியே நிற்கும் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தொல்லை விலங்காக அறிவிக்குமாறு கேரளம் பலமுறை கேட்டும் மத்திய அரசு இசையவில்லை. பிகாருக்கு 2015-இலும் உத்தரகண்டுக்கு 2016-இலும் காலவரம்புடன் அத்தகைய அறிவிக்கை கிடைத்தது என்பதைக் கேரள எம்.பி.க்கள் மறக்காமல் சுட்டிக்காட்டுவார்கள். 2022 மே மாதம் கேரள அரசு மாற்று வழி கண்டது. உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களிடம் அளித்தது. சுடுவதற்கு ஆள் வேண்டுமே! உரிமம் வைத்திருப்பவர்கள் குறைவு. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிகளுக்கு நடத்தை விதிகள் இல்லை.

தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு அளவுகோலை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 3 கிலோமீட்டர் வரை பிடித்து விடுவிக்கலாம். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். ஆக, எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவிடுகிறார். மறுபக்கம் வனத்துறை மட்டுமே. பன்றி இரு பக்கமும் மேய்கிறது.

இந்த இடைவெளியில் மனிதர்கள் சாகிறார்கள். 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி இரண்டு போலீஸார் இறந்தனர். 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தின் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் இதேபோல் மாண்டனர். உடல்கள் வயலிலேயே புதைக்கப்பட்டிருந்தன. 2022 ஜூனில் இடுக்கி மலையில் நாட்டுத் துப்பாக்கியுடன் வேட்டைக்குச் சென்ற குழுவில் இருந்த பழங்குடி இளைஞர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். வெளியே சொன்னால் துப்பாக்கி வழக்கும் வேட்டை வழக்கும் சேர்ந்து வரும் நிலையில், உடன் சென்றவர்கள் உடலைக் காட்டில் புதைத்துவிட்டார்கள். துப்பாக்கியைத் தாராளமாக்க வேண்டும் என்போர் முதல் இரண்டு சம்பவங்களையும், கூடாது என்போர் மூன்றாவதையும் எடுத்துக்காட்டுவார்கள். மூன்றுமே ஒளித்துச் செய்யப்பட்ட காரியங்கள் என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை.

குடகுக்கு மட்டும்

இதே மலைத்தொடரில் சற்று வடக்கே நிலைமை தலைகீழ். குடகு மாவட்டத்தில் குடவர் இனத்தவரும் ஜம்மா நில உரிமையாளர்களும் ஆங்கிலேயர் காலம் முதல் உரிமம் பெறும் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். கைல் போள்து விழாவில் துப்பாக்கிகளுக்கு மாலையிட்டு வழிபடும் மரபினர் அவர்கள். மத்திய உள்துறை அமைச்சகம் 2019 அக்டோபரில் இவ்விலக்கை 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அதைச் செல்லும் என்று உறுதி செய்தது. 2029 அக்டோபர் 31 வரை விலக்கு அமலில் இருக்கும்.

அங்கு துப்பாக்கி ஒளித்து வைக்கும் பொருளல்ல. விலக்குச் சான்றிதழுடன் வீட்டு நடுவே தொங்கும் குலப்பொருள். எனவே அது பேணப்படுகிறது. தெற்கே குடும்பத்தில் ஒரு பழந்துப்பாக்கி இருந்தால் அதை ஒப்படைப்பதா, புதைப்பதா, துருப்பிடிக்க விடுவதா என்ற கேள்வி எழுகிறது. குடகுக்குத் தந்ததை எல்லோருக்கும் தா என்று கேட்பது பொறுப்பான கோரிக்கையாகாது. ஆனால் வெடிக்கும் திறனை முறைப்படி முடக்கிப் பதிவு செய்து, பொருளை வீட்டிலோ அருங்காட்சியகத்திலோ வைக்க எளிய வழி வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

தோலுறையின் கதை தனி. சட்டத்தின் பார்வையில் அது ஆயுதமல்ல; ஆயுதத்தின் சிறு உறுப்புகளுக்கே நிபந்தனையுடன் விலக்கு இருக்கும்போது உறையை யார் கேட்கப் போகிறார்கள்? எவரும் பறிக்காத அந்தப் பொருள்தான் முதலில் அழிந்தது. பட்டையால் பதனிட்ட பழந்தோல் காலப்போக்கில் செந்நிறப் பொடியாக உதிரும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். மழையிலிருந்து துப்பாக்கியைக் காத்த அதே தோல், நிரந்தரமாக மூடி வைத்தால் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். அதனால்தான் பாதுகாப்பு வல்லுநர்கள் இரண்டையும் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். குழலும் பூட்டும் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்க, அதைச் செய்தவனின் பெயரைப் போலவே தோலும் மறைந்துவிடுகிறது. தென்னிந்தியாவில் தோல் பதனிடும் வேலையும் தைக்கும் வேலையும் எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டன என்பதை நினைத்தால், இந்த மறதி தற்செயலானது என்று சொல்ல முடியாது.

கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. இரண்டாம் அட்டவணை விலங்குகளைத் தொல்லை விலங்காக அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு வர வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப்பட்டியலில் இருப்பதாலும் மசோதா மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதாலும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இன்றி அது செல்லாது. ஒப்புதல் கிடைத்தாலும் மாறுவது பன்றியின் நிலை மட்டுமே. துப்பாக்கியும் வெடிமருந்தும் மத்தியப் பட்டியலின் 5-ஆவது இனம். உடும்பன்சோலை விவசாயி உரிமத்துக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகப் படியேறும்போது அவர் முன்வைக்கும் விண்ணப்பம், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை முதலில் நீட்டும் அதே 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான் பரிசீலிக்கப்படும்.